ஒரே வேஷம், ஆயிரக்கணக்கான ராத்திரி: எம்.ஆர்.ராதா திரும்பத் திரும்ப மோகனசுந்தரமாக வந்தது ஏன்?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியக்காரனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்னாடியே வந்துவிடுகிற ஆள் அவன். ராஜா வரப்போவதை அறிவிப்பான், அடுத்த நிமிஷமே அந்த ராஜாவையே கலாய்ப்பான். பாரதக் கதை நடுவே ரேஷன் கடையும் பஸ் கட்டணமும் உள்ளூர் அரசியலும் வந்துபோகும். போன வருஷமும் அதே வேஷம்தான், அடுத்த வருஷமும் அதேதான். ஆனாலும் அவன் வந்து நின்றால், பாயில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். இன்றைக்கு யாரைப் பிடித்துக் கலாய்க்கப்போகிறான் என்று தெரிந்தாக வேண்டுமே!

இதே வித்தையை, டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் நாடகக் கொட்டகையில் செய்து காட்டியவர் எம்.ஆர்.ராதா. 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் மோகனசுந்தரம் என்ற ஒரே வேஷத்துக்கு அவர் ஆண்டுக்கணக்கில், ஊர் ஊராகத் திரும்பிக்கொண்டே இருந்தார். நடுவில் சினிமாவில் உச்சத்துக்குப் போனார், துப்பாக்கி வழக்கில் சிறைக்குப் போனார், வெளியே வந்தார். வந்த பிறகும் அதே வேஷம்தான். இன்றைக்கு மீம், ரீல்ஸ், மிமிக்ரி என்று அவரது குரல் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த மனிதர் யார்? அந்த ஒரு வேஷத்தில் அப்படி என்ன இருந்தது?

யார் இந்த ராதா?

முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். 1907-ல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். ராதா சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, குடும்பத்தில் கஷ்டம். பள்ளிப்படிப்பு ராதாவுக்கு ஒட்டவில்லை.

அவர் வீட்டை விட்டு ஓடிய கதை பிரபலமானது. ஒருநாள் சாப்பாட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் கேட்டாராம். கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். அங்கே ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்ற நாடகக் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டு, அப்படியே அவரோடு போய்விட்டார் என்பார்கள். ஒரு மீன் துண்டில் தொடங்கியது, கடைசி வரைக்கும் நாடகமாகவே போனது.

அந்தக் காலத்தில் இப்படி ஓடிவந்த, ஏழைக் குடும்பங்களிலிருந்து சேர்த்துவிடப்பட்ட சிறுவர்களை வைத்துத்தான் தமிழ் நாடக உலகமே நடந்தது. 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். தங்குமிடம், சாப்பாடு, பாட்டு, வசனம், அடி, உதை எல்லாமே அங்கேதான். பெண் வேஷமும் பையன்கள்தான் போட வேண்டும். நடிப்பு, சினிமா என்று தனியாகப் பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் அதுதான் பள்ளிக்கூடம். என்.எஸ்.கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று பின்னாளில் பெயர் வாங்கியவர்கள் பலரும் அங்கிருந்து வந்தவர்களே. ராதா, ஜெகந்நாத ஐயர் கம்பெனி உட்பட பல இடங்களில் வேலை பார்த்தார். நடிப்பதோடு நிற்கவில்லை, மின்சார வேலை, வண்டி ரிப்பேர், மேடைத் தந்திரங்கள் எல்லாம் கற்றுக்கொண்டார். பாட்டு பெரிய பலமாக இல்லாத ஒரு நடிகர், பாட்டே பிரதானமாக இருந்த மேடையில் தாக்குப்பிடிக்க வேறு ஏதாவது வேண்டும். ராதாவிடம் இருந்தது பேச்சும் நக்கலும்.

சினிமா வந்தது, அவர் மேடைக்கே திரும்பினார்

1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் ராதா சினிமாவுக்கு வந்தார். டூப் எல்லாம் யோசிக்காத காலம். உயரத்திலிருந்து குதிக்கிற ஒரு காட்சியில் கால் உடைந்தது. தொடர்ந்து 'பம்பாய் மெயில்' மாதிரி சில படங்கள் செய்தார். 1940-களின் தொடக்கத்தில் சினிமாவை விட்டுவிட்டு மறுபடி நாடகத்துக்கே வந்துவிட்டார்.

இன்றைய கணக்கில் இது புரியாது. சினிமா வாய்ப்பை விட்டுவிட்டு யாராவது நாடகத்துக்குப் போவார்களா? ஆனால் அப்போது மேடைதான் அவர் கையில் இருந்தது. என்ன நாடகம், எந்த ஊர், எந்த வசனம் என்று முடிவு செய்வது அவர்தான். சென்சார் போர்டு இல்லை, முதலாளி இல்லை. எதிரே ஜனங்கள், அவ்வளவுதான். சிரித்தால் சிரிப்பு. கோபப்பட்டால் கல்.

பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகள் ராதாவின் நாடகங்களுக்குள் வந்தது இந்தக் காலத்தில்தான். விதவைகளின் நிலையைப் பேசிய 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', அன்றைய பரபரப்பு வழக்கை வைத்து 'லட்சுமிகாந்தன்', மு.கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை' என்று வரிசையாக நாடகங்கள். கருணாநிதியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'கலைஞர்' பட்டம் ராதா கொடுத்தது என்பது அரசியல் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ராதாவுக்கு வந்த பட்டம் 'நடிகவேள்'. பின்னாளில் சிவாஜி கணேசன் ஆன வி.சி.கணேசனும் சின்ன வயதில் ராதாவோடு நாடகங்களில் நடித்திருக்கிறார்.

'ரத்தக்கண்ணீர்' கதை என்ன?

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய இந்த நாடகம் 1949-ல் மேடைக்கு வந்தது. கதை சிம்பிள். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறான் பணக்கார வீட்டுப் பிள்ளை மோகனசுந்தரம். ஊர், மொழி, சாப்பாடு, சொந்த அம்மா எல்லாமே அவனுக்கு இளக்காரம். சந்திரா என்ற பெண்ணைக் கட்டி வைக்கிறார்கள். அவனோ காந்தா என்ற தாசியின் வீட்டிலேயே கிடக்கிறான். சொத்து கரைகிறது. தொழுநோய் வருகிறது. காந்தா வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பார்வையும் போய், தெருவில் பிச்சை எடுக்கிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்துவைக்கச் சொல்கிறான். தன்னைப் போல யாரும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத் தனக்கு ஒரு சிலை வைக்கவும் கேட்கிறான்.

இப்படிச் சொன்னால் அழுகாச்சிக் கதை மாதிரி இருக்கும். தலைப்பும் அப்படித்தான். ஆனால் கொட்டகையில் நடந்தது வேறு. ஜனங்கள் முதல் காட்சியிலிருந்தே சிரித்தார்கள்.

முதல் பாதியில் சிரிப்பு சுலபம். வெள்ளைக்காரன் மாதிரி தமிழ் பேசுகிற ஒரு 'துரை'யைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வராது? இரண்டாம் பாதிதான் விஷயம். உடம்பு முழுக்கப் புண், கிழிந்த துணி, கையில் தடி. பரிதாபப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தப் பிச்சைக்காரனின் வாய் மட்டும் அடங்கவில்லை. பிச்சை போடுபவனையும் கேள்வி கேட்கிறான், போடாதவனையும் கேள்வி கேட்கிறான். பக்தி, சாதி, பணம், அரசியல் எதையும் விட்டுவைப்பதில்லை. கீச்சென்று மேலே போகும் குரல் அடுத்த நொடி அடித்தொண்டைக்கு இறங்கும். அந்தக் குரல் வித்தையில் பாதி சிரிப்பு வந்துவிடும்.

இதில் இன்னொன்றும் நடந்தது. பணக்காரனாக இருந்தபோது அவன் பேசியது முட்டாள்தனம். எல்லாம் போன பிறகு பேசுவது அத்தனையும் உண்மை. ஜனங்கள் முதலில் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு அவனோடு சேர்ந்து மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கூத்தில் கட்டியக்காரன் நிற்கும் இடமும் கிட்டத்தட்ட இதுவே. அரண்மனையில் அவனுக்கு மரியாதை கிடையாது. அதனால் பேச்சில் யாருக்கும் அவன் மரியாதை தர வேண்டியதும் இல்லை.

அதே வேஷம், ஆனால் அதே நாடகம் இல்லை

'ரத்தக்கண்ணீர்' ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது. ஒரே ஊரில் திரும்பத் திரும்பப் போட்டாலும் கூட்டம் வந்தது. கதை எல்லோருக்கும் அத்துப்படி. பிறகு எதற்கு வந்தார்கள்?

எழுதிக் கொடுத்த வசனத்தை ராதா ஒரு கொடிக்கம்பி மாதிரிதான் வைத்திருந்தார். அன்றன்றைய செய்தியை அதில் காயப்போடுவார். காலையில் பேப்பரில் வந்தது ராத்திரி மோகனசுந்தரத்தின் வாயில் வந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர், கொட்டகைக்கு வெளியே நடக்கிற கட்சிக் கூட்டம், கூட்டத்திலிருந்து வருகிற குரல் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இன்றைய ஸ்டாண்ட்-அப் காமெடியில் பார்வையாளரோடு நேரடியாகப் பேசி மடக்குவதைப் பெரிய திறமை என்கிறோம். ராதா அதை மைக், ரிக்கார்டிங் எல்லாம் வசதியாக வருவதற்கு முன்பே, நோயாளி வேஷத்தில் இருந்துகொண்டு செய்தார்.

ஒரே வேஷத்துக்குத் திரும்புவது நடிகருக்கு ஆபத்தும்கூட. நேற்று கைதட்டல் வாங்கிய இடத்தை இன்றைக்கும் அப்படியே செய்யத் தோன்றும். கொஞ்ச நாளில் அது மிஷின் ஆகிவிடும். ராதா அதிலிருந்து தப்பித்தது இந்தத் தினசரி மாற்றத்தால்தான். வேஷம் பழசாகவே இருந்ததால் ஜனங்களுக்குப் புரியவைக்க நேரம் செலவாகவில்லை. மேடைக்கு வந்து நின்றாலே போதும், நேராக விஷயத்துக்குப் போய்விடலாம்.

1954: ஒரு தீபாவளி, ஒரு வாக்கெடுப்பு, ஒரு சட்டம்

1952-ல் 'பராசக்தி'யைக் கொடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாரும் இயக்குநர்கள் கிருஷ்ணன்-பஞ்சுவும் அடுத்து 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தைப் படமாக்க முடிவு செய்தார்கள். ராதா சினிமாவை விட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கண்டிஷன் போட்டார் என்பார்கள்: நாடகம் நிற்கக் கூடாது, ஷூட்டிங் நாடகத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நடக்க வேண்டும். கே.பி.சுந்தராம்பாள் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் வாங்கியவர் என்பதால், அதைவிட 25,000 அதிகம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார் என்றும் சொல்வார்கள். ஸ்ரீரஞ்சனி சந்திராவாகவும், எம்.என்.ராஜம் காந்தாவாகவும், எஸ்.எஸ்.ராஜேந்திரன் பாலுவாகவும் நடித்தார்கள்.

படம் 1954 அக்டோபர் 25, தீபாவளிக்கு வெளியானது. அந்தத் தேதியைப் புதுச்சேரி வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் சுவாரஸ்யம். சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூர் கிராமத்தில்தான் பிரெஞ்சிந்தியாவின் தலைவிதி முடிவானது. 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. அதாவது வெளிநாட்டு மோகத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு படம், இந்த ஊர்கள் ஒரு வெளிநாட்டு ஆட்சியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த அந்த இரண்டு வாரத்துக்கு நட்டநடுவே வந்தது. திட்டமிட்டு நடந்ததல்ல, தற்செயல்தான். ஆனால் துரை வேஷம் போடுகிற உள்ளூர்க்காரன் எப்படி இருப்பான் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

அதே 1954-ல் ராதா கையில் எடுத்த இன்னொரு நாடகம் 'ராமாயணம்'. காவியத்தைப் பகுத்தறிவுக் கோணத்தில் விமர்சித்த இந்த நாடகத்துக்கு 'கீமாயணம்' என்றும் பெயர் உண்டு. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் நாடகத்துக்கு வர வேண்டாம் என்ற பொருளில் அவர் விளம்பரமே கொடுத்தார். எதிர்ப்பு, தடை, கைது எல்லாம் வந்தன. அந்த ஆண்டே சென்னை மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்குக் காரணம் ராதாவின் நாடகங்களே என்று நாடக வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். ஒரு தனி நடிகரை மனதில் வைத்துச் சட்டம் வருவது சாதாரண விஷயமில்லை.

அது சென்னை மாநிலத்தின் சட்டம். பாகூரும் வில்லியனூரும் அந்த மாநிலத்துக்குள் இல்லை. இந்தக் கொம்யூன்களின் எல்லை, கடலூர், விழுப்புரம் பக்கத்து வயல்களுக்குள் வளைந்து நெளிந்து போகிற எல்லை. வரப்பின் ஒரு பக்கம் நாடகத்துக்கு ஒரு சட்டம், மறுபக்கம் வேறு சட்டம் என்ற நிலை அன்றைக்கு இருந்தது. கடைசியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013-ல்தான். வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளரும் 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி. ராதா இறந்து அப்போது 33 வருஷம் ஆகியிருந்தது.

சினிமாவில் பிஸி, மேடையிலும் பிஸி

'ரத்தக்கண்ணீர்' படத்துக்குப் பிறகும் ராதா உடனே சினிமாவில் குடியேறவில்லை. 1950-களின் கடைசியில்தான் வரிசையாகப் படங்கள் வந்தன. 'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு' (1961), 'பாலும் பழமும்' (1961), 'பலே பாண்டியா' (1962), 'பெரிய இடத்துப் பெண்' (1963) என்று எங்கு பார்த்தாலும் ராதா. வில்லன், ஆனால் சிரிக்க வைக்கிற வில்லன். அடுத்தவன் சொத்தை ஆட்டையைப் போடத் திட்டம் போடுகிற ஆளைப் பார்த்து ரசிகர்கள் கைதட்டினார்கள் என்றால் அது அவரது டைமிங்கால்தான்.

பந்தா என்ற விஷயமே அவருக்கு ஆகாது. அவரது இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன கதை இன்றும் சொல்லப்படுகிறது. பெரியார் மீது அவருக்கு இருந்த பற்றும், பெரியாருக்கு அவர் மீது இருந்த மதிப்பும் ஊரறிந்தது. சென்னை வேப்பேரி பெரியார் திடலில் இன்றும் அவர் பெயரில் நடிகவேள் எம்.ஆர்.ராதா மன்றம் இருக்கிறது.

1967 ஜனவரி 12

அன்று மாலை சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். வீட்டுக்கு ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் போனார்கள். பேச்சுக்கு நடுவே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவில்லை.

சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம். கழுத்துக் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் தமிழ்நாடு முழுக்கப் போஸ்டராகப் போனது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்தார். தி.மு.க. முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ராதாவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டு 1971-ல் வெளியே வந்தார்.

ராதாவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சம்பவத்தை ஒரு வீரதீரக் கதையாகச் சொல்கிற பழக்கம் சோஷியல் மீடியாவில் இருக்கிறது. அப்படிச் சொல்ல இதில் எதுவும் இல்லை. ஒரு நடிகர் இன்னொரு நடிகரைச் சுட்டதாக நீதிமன்றம் முடிவு செய்து தண்டித்த வழக்கு இது. ஒருவர் குரலை இழந்தார், இன்னொருவர் தன் வாழ்க்கையில் நான்கு வருஷத்தை இழந்தார்.

மறுபடி அதே வேஷம்

வெளியே வந்தபோது ராதாவுக்கு வயது 64. சினிமா மாறியிருந்தது. எம்.ஜி.ஆர். ஆளுங்கட்சியின் மிகப் பெரிய முகம். ராதாவை வைத்துப் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கிற காலம் போய்விட்டது. அவரிடம் எழுத்தாளர் விந்தன் நீளமாகப் பேசி எழுதியது, 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' என்று புத்தகமாக வந்தது. அதைப் படித்தால் தெரியும்: சிறையைப் பற்றிப் பேசும்போதும் ராதா தன்னைப் பாவமாகக் காட்டிக்கொள்ளவில்லை, தன்னையும் சேர்த்தே நக்கலடித்தார்.

அவர் திரும்பிப் போன இடம் மேடை. கையில் எடுத்தது பழைய நாடகங்கள். அதில் மறுபடியும் மோகனசுந்தரம்.

இந்தத் திரும்பலை யோசித்துப் பாருங்கள். 1949-ல் அந்த வேஷத்தை முதலில் போட்டபோது அவருக்கு 42 வயது. வெளிநாட்டிலிருந்து வந்த வாலிபனாக நடிக்கவே கொஞ்சம் மேக்கப் தேவைப்பட்ட வயது. இப்போது 60-ஐத் தாண்டிய மனிதர், அதே வாலிபனாக முதல் காட்சியில் நுழைய வேண்டும். ஜனங்களுக்கு எல்லாம் தெரியும். கோர்ட், ஜெயில், பேப்பரில் வந்த படங்கள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் இருந்து எல்லாவற்றையும் இழந்தவன் தெருவில் நின்று பேசுகிற இரண்டாம் பாதி வரும்போது, கதையில் வருகிற ஆளையும் எதிரே நிற்கிற ஆளையும் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

பரிதாபத்தை வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு நடிகருக்குக் கிடைக்காது. ஆனால் அந்த வேஷத்தின் அடிப்படையே பரிதாபத்தை மறுப்பதுதான். மோகனசுந்தரம் அழுதுவிட்டால் நாடகம் செத்தது. கூட்டம் சிரித்தால்தான் பிழைக்கும். தெரிந்த வேஷத்துக்குத் திரும்புவது ராதாவுக்குப் பாதுகாப்பான வழி மாதிரி தெரியலாம். உண்மையில் அந்த நேரத்தில் அவர் எடுத்திருக்கக்கூடிய ரிஸ்க்கிலேயே பெரியது அதுதான்.

சினிமாவிலும் சில வேஷங்கள் வந்தன. 'சமையல்காரன்' (1974), 'வண்டிக்காரன் மகன்' (1978) ஆகியவற்றில் நடித்தார். 1976-ல் வந்த 'தசாவதாரம்' புராணப் படத்தில் அவருக்கு இரணியன் வேஷம். புதுச்சேரியின் பாரதிதாசன் 1930-களிலேயே இரணியனை வீரனாக்கி நாடகம் எழுதியவர். அதே இயக்கத்தில் வளர்ந்த ராதா, பக்திப் படத்தில் கடவுளை ஒத்துக்கொள்ளாத ராஜாவாக வந்து நின்றார். அந்த வேஷத்துக்கு வேறு யாரை யோசித்திருக்க முடியும்?

இன்றைக்குப் பார்த்தால் எது இடிக்கிறது?

'ரத்தக்கண்ணீர்' படம் இன்றும் சுலபமாகப் பார்க்கக் கிடைக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தும். உறுத்த வேண்டும்.

ஒன்று, தொழுநோய். கதை அதை ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டுகிறது. நிஜத்தில் அது ஒரு பாக்டீரியாவால் வரும் நோய். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். பாலியல் உறவால் பரவும் நோய் அல்ல. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையில் 6 மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் முழுமையாகக் குணமாகும். மருந்து இலவசம். ஆனால் நோயை விட, நோயாளியை ஒதுக்கிவைக்கிற புத்திதான் மெதுவாகக் குணமாகிறது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியை இந்தியா நீக்கியது 2019-ல்தான்.

இரண்டு, காந்தா. மோகனசுந்தரத்தின் அழிவுக்குப் பாதிப் பழி அவள் தலையில் விழுகிறது. அவள் ஏன் அந்த வாழ்க்கையில் இருக்கிறாள் என்று கதை கேட்பதே இல்லை. அதே கதைதான், உயிரோடு இருக்கிற கணவனே தன் மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கிற முடிவை 1949-ல் மேடையில் வைத்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய உடைப்பு. ஒரு பெண்ணுக்கு வழி திறந்த நாடகம் இன்னொரு பெண்ணுக்குக் கதவைச் சாத்தியது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற மொழிகளுக்கும் இந்த வேஷம் போனது. தெலுங்கில் நாகபூஷணம் இதை நாடகமாக ஊர் ஊராகப் போட்டு, 'ரத்தக்கண்ணீரு' அவர் பெயருக்கு முன்னால் அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் 2003-ல் உபேந்திரா நடித்துப் படம் வந்தது. தமிழில் வேறு விதமாக வாழ்கிறது. ஒருகாலத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இந்தப் பட வசனம் ஓடாத ஊர் இல்லை. இன்றும் மிமிக்ரி மேடையில் ராதா குரல் இல்லாமல் கச்சேரி முடியாது. சத்யராஜின் நக்கலில் அவர் சாயலைப் பார்ப்பவர்கள் உண்டு. எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று பிள்ளைகளும் நடிப்புக்கே வந்தார்கள்.

நம் கையில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி

ராதா 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் இறந்தார். பெரியாரின் நூற்றாண்டு நிறைவடைந்த அதே நாள். அப்போது தமிழ்நாட்டின் முதல்வர் எம்.ஜி.ஆர்.

அவர் விட்டுப்போனதில் நமக்குக் கிடைத்திருப்பது 1954-ன் படம். ஆயிரக்கணக்கான ராத்திரிகள் மாறிக்கொண்டே இருந்த ஒரு வேஷத்தின் ஒரே ஒரு வடிவம் அது, அதுவும் சென்சாரைத் தாண்டி வந்தது. சேலத்தில் ஒரு ராத்திரி சொன்ன ஜோக், மறுநாள் ஈரோட்டில் அதை மாற்றிச் சொன்ன விதம், சிறைக்குப் பிறகு முதல் காட்சியில் கூட்டம் எப்போது சிரிக்கத் தொடங்கியது என்பதெல்லாம் ரிக்கார்டில் இல்லை. பார்த்தவர்களோடு போய்விட்டன. படத்தைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். எந்த இடத்தில் வசனம் நின்று ஒரு சின்ன இடைவெளி விடுகிறார் என்று கவனியுங்கள். மேடையில் அன்றைய செய்தி நுழைந்தது பெரும்பாலும் அந்த மாதிரி இடைவெளிகளில்தான் இருக்கும்.

அந்த இடைவெளி எப்படி வேலை செய்யும் என்று நேரில் பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பாகூர், வில்லியனூர் பக்கம் அடுத்த திருவிழாவுக்குக் கூத்து வைக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். ராஜாவுக்கு முன்னாடி ஒருத்தன் வருவான். போன வருஷ வேஷம்தான். இந்த வருஷச் செய்தியைச் சொல்வான்.